இட்லிக்குள் ஒளித்த மீன் எண்ணெய்

1. ஓமமும் ஒமேகாவும்

"அக்கா, எம்புள்ள ரெண்டு நாளா ஒண்ணும் திங்கல. நீங்க சொன்னபடிதான் செஞ்சேன்."

காலையில் கடை ஷட்டரைத் தூக்கியதும் காதில் விழுந்த முதல் பேச்சு இது. சாமி படத்துக்கு ஊதுபத்திகூடக் காட்டவில்லை, அதற்குள் பேச்சியம்மாள் படியில் நிற்கிறாள். மருந்துக்கடை கவுன்டரில் நிற்பவர்களுக்குப் புகார் புதிதல்ல. "நீங்க குடுத்த மாத்திரை கேக்கல" என்று வருகிறவர்களை "டாக்டர்கிட்டக் கேளுங்க" என்று அனுப்பிவிட்டு அடுத்த சீட்டை வாங்கிவிடுவேன். அன்றைக்கு அப்படித் தப்பிக்க வழியில்லை. இது டாக்டர் எழுதியதைப் பற்றிய புகார் அல்ல. நானாக வாயால் சொன்ன ஒரு சொல்லைப் பற்றியது.

கொஞ்சம் முன்னால் போய்ச் சொல்கிறேன். எண்பதுகளின் கடைசியில் டி.பார்ம் முடித்துவிட்டு, ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்பில் சேர்ந்தேன். கவுன்டரில் பெண் நிற்பதே அப்போது ஊருக்கு அதிசயம். "கடைல யாரும் இல்லையா?" என்று என் முகத்தைப் பார்த்தே கேட்பார்கள். "நான் ஒருத்தி நிக்கது தெரியலயா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட நாட்களும் உண்டு. முதலாளி நல்ல மனிதர். ஆனால் சீட்டைப் படிக்கும் பொறுமை மட்டும் கிடையாது. வந்தவர் வாயால் சொல்வதில் பாதியைக் கேட்டதுமே கை அலமாரிக்குப் போய்விடும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், மில்லில் முதல் ஷிப்ட் முடித்துவிட்டுப் பஞ்சுத் தூசி ஒட்டிய தலையோடு பேச்சியம்மாள் முதன்முதலாகக் கடைக்கு வந்தாள். வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள்.

"ஓமக்கா எண்ணெய் வேணும் மொதலாளி. மதுரை டாக்டரம்மா எழுதியிருக்காவ" என்றாள்.

முதலாளி சட்டென்று ஓமத் தண்ணீர் பாட்டிலை எடுத்து வைத்தார். "வயித்து வலிக்குத்தான? மூணு வேளை குடும்மா. பிள்ளைக்கு எம்புட்டு வயசு?"

"ஆறு. ஆனா அவனுக்கு வயித்து வலி இல்லையே. அவனுக்குப் பேச்சு வரலைன்னுல்ல போனோம்."

நான் சீட்டை வாங்கிப் பார்த்தேன். ஒமேகா. மீன் எண்ணெய் கேப்சூல். முதலாளி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓமத் தண்ணீரை மறுபடி அலமாரியில் வைத்தார். அதன் பிறகு எங்கள் கடையில் அந்த மருந்துக்கே 'ஓமக்கா' என்று பெயர் நிலைத்துவிட்டது. ஸ்டாக் நோட்டில்கூட ஒரு தடவை அப்படி எழுதிவிட்டேன்.

சீட்டின் தலைப்பில் 'ஆட்டிசம்' என்று ஒரு சொல் இருந்தது. என் படிப்பில் அந்தச் சொல்லைப் பார்த்ததாக நினைவில்லை. ஊரில் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் 'பேச்சு லேட்டாகும்' என்பார்கள், இல்லாவிட்டால் காது கேட்காது என்பார்கள். பேச்சியம்மாளின் மகன் கண்ணனுக்குக் காது நன்றாகவே கேட்கும். தெருமுனையில் அப்பாவின் சைக்கிள் திரும்பும்போதே வாசலுக்கு ஓடிவிடுவான். கூப்பிட்டால் திரும்ப மாட்டான். பேச்சு இல்லை. சாப்பாடு என்றால் வெள்ளை இட்லி, பால், அவ்வளவுதான். சட்னி ஒரு துளி பட்டாலும் தட்டையே தள்ளிவிடுவான்.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"இது கொணமாக்குற மருந்து இல்ல, அப்படி நெனைச்சுக்கிடாதீங்கன்னாவ. மீனு, கொட்டை வகை ஒண்ணும் தொடமாட்டேங்கான்லா, அதனால குடுத்துப் பாருங்க, ஒத்துக்கிட்டா நல்லதுன்னாவ." சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஆனா பக்கத்துல உக்காந்திருந்த ஒரு அம்மா சொன்னா, இதக் குடுத்த பொறவு அவ பிள்ள அம்மான்னு கூப்பிட்டுச்சாம்."

டாக்டர் சொன்னது ஒரு காதில் விழுந்திருந்தது, அந்த அம்மா சொன்னது நெஞ்சில் விழுந்திருந்தது. குறை சொல்ல மாட்டேன். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான்.

"கேப்சூல முழுங்க மாட்டானே, எப்படிக்கா குடுக்க?"

இங்கேதான் என் வாய் வேலை செய்தது. கவுன்டருக்கு வருகிற தாய்மார்களிடம் தினமும் பத்துத் தடவை சொல்கிற வாசகம், யோசிக்காமல் வந்து விழுந்தது: "ஊசியால குத்திப் பிழிஞ்சு, அவன் விரும்பித் திங்கிறதுல கலந்துருங்க. அவனுக்குத் தெரியாமக் குடுங்க."

2. தெரியாம

தெரியாமல்தான் கொடுத்திருக்கிறாள். கேப்சூலைக் குத்தி மாவில் பிழிந்து, கலக்கி, இட்லி ஊற்றியிருக்கிறாள். கண்ணன் ஒரு விள்ளலை மூக்குப் பக்கம் கொண்டுபோனான். அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். வேறு வழியில்லாமல் மறுநாள் எண்ணெய் கலக்காத புது மாவில் ஊற்றிக் கொடுத்தாள். அதையும் தொடவில்லை. அன்றைக்குக் காலையிலும் தொடவில்லை. தண்ணீரும் கொஞ்சம் பாலும் மட்டும் இறங்குகிறது.

"இருந்தது ஒரே ஒரு சாப்பாடு, அதையும் கெடுத்துட்டேனேக்கா" என்று கவுன்டரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கெடுத்தது அவள் இல்லை என்று எனக்குத் தெரியும்.

பக்கத்து எஸ்.டி.டி. பூத்தில் நுழைந்து சீட்டில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். டாக்டரம்மா கிடைத்தார். நடந்ததைச் சொன்னேன்.

"எதுல கலந்தாங்க?"

"இட்லியிலங்க மேடம்."

"அவன் சாப்பிடறதே அது ஒண்ணுதானேம்மா. அதுலயா கலக்கச் சொன்னீங்க? அவனுக்கு நம்பிக்கையா இருந்த ஒரே சாப்பாடு அது." திட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் சுட்டது. "எண்ணெயை நிறுத்துங்க. பால், தண்ணி குறைஞ்சாலோ சோர்ந்து போனாலோ உடனே கூட்டிட்டு வரணும். நாளைக்குக் காலையில எனக்குச் சொல்லுங்க. இன்னொரு தடவை ஏமாத்திராதீங்க."

கடைக்குத் திரும்பி முதலாளியிடம் அரை நாள் லீவு கேட்டேன். "தப்பு நம்ம கடைல நடந்திருக்கு. போயிட்டு வாம்மா. கடைய நான் பாத்துக்கிடுதேன்" என்றார். "யாருக்கும் ஓமத் தண்ணி மட்டும் எடுத்துக் குடுத்துராதீங்க" என்று சொல்லிவிட்டுப் பேச்சியம்மாளோடு பஸ் ஏறினேன்.

தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர்கள் வீடு. கண்ணன் தண்ணீர்த் தொட்டியின் சிமெண்ட் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் அவன் அப்பா மாரியப்பன். வெல்டிங் பட்டறைக்கு லீவு போட்டுவிட்டுப் பிள்ளைக்குக் காவல் இருந்தார்.

"அந்த எண்ணெய் இட்லிய என்ன செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

பேச்சியம்மாள் புருஷனைக் கண்ணால் காட்டினாள். "அவியதான் அம்புட்டையும் தின்னு தீத்தாவ."

"நல்லாத்தானக்கா இருந்துச்சு. எனக்கு ஒரு வாடையும் தெரியல" என்றார் மாரியப்பன். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுப்படிக்குப் போய் ஒவ்வொன்றாக மோந்து பார்த்தேன். மாவுச் சட்டி, இட்லிக் கொப்பரை, தட்டு. எதிலும் ஒன்றும் தெரியவில்லை. ஏழெட்டு வருடமாக டிஞ்சரையும் பினாயிலையும் மோந்த மூக்கு என்னுடையது. வெல்டிங் புகையில் கிடந்த மூக்கு அவருடையது. எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாமல் போனதில் ஆச்சரியம் இல்லை. அப்போது பேச்சியம்மாள் கொடியில் காய்ந்த இட்லித் துணியை எடுத்துக்கொண்டு தொட்டியைத் தாண்டி வந்தாள். கண்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து வாசலுக்கு ஓடினான்.

"துணி!" என்று கத்திவிட்டேன். மாவை மாற்றியிருக்கிறாள், சட்டியை மாற்றியிருக்கிறாள், துணியை மாற்றவில்லை. எண்ணெய் பட்டு வெந்த துணி, எத்தனை தடவை அலசினாலும் வாடை போகாது. புது மாவை அதே துணியில் ஊற்றினால் அதுவும் மீன் இட்லிதான்.

"நான் புதுத் துணி வாங்கியாரேன்" என்று பேச்சியம்மாள் கிளம்பினாள்.

"ஏட்டி, செத்த நேரம் இரு" என்று சொல்லிவிட்டு மாரியப்பன் உள்ளே போனார். இன்னும் கட்டாத பொங்கல் வேட்டியைக் கொண்டுவந்து, நாங்கள் தடுப்பதற்குள் சர்ரென்று கிழித்தார். புதுத் துணியில் கஞ்சி வாடை இருக்குமே என்று எனக்குப் பயம். வெந்நீரில் போட்டு இரண்டு தடவை கொதிக்க வைத்து அலசினோம். தட்டையும் கொப்பரையையும் புளி போட்டுத் தேய்த்தோம்.

ஊற்றப் போகும் நேரத்தில் பேச்சியம்மாள் அடுப்படிக் கதவைச் சாத்தினாள்.

"கதவை ஏம்மா சாத்துற?"

அவள் கதவிலிருந்து கையை எடுத்தாள். "அன்னைக்கு எண்ணெய் கலக்குறது அவனுக்குத் தெரியக் கூடாதுன்னு சாத்துனேன். அதே பழக்கம்." அவளே மேலும் சொன்னாள். "முன்னெல்லாம் நான் இட்லி ஊத்தும்போது இந்த நிலைப்படியிலதான் வந்து நிப்பான். சாத்துன அன்னைக்குக் கதவ அம்புட்டு அடி அடிச்சான்க்கா."

'தெரியாமக் குடுங்க' என்று நான் சொன்ன சொல் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. கதவை அகலத் திறந்து வைத்தோம். பேச்சியம்மாள் ஒவ்வொரு கரண்டியையும் தூக்கிக் காட்டி, "கண்ணா, பாரு, மாவு மட்டும்தான்" என்று சொல்லிச் சொல்லி ஊற்றினாள். வாசலில் இருந்தவன் நகர்ந்து நகர்ந்து நிலைப்படிக்கு வந்தான். ஆவி வந்தது. மூடியைத் திறந்ததும் கிட்டே வந்து மோந்தான். ஒரு இட்லியை எடுத்துப் பிட்டு, உள்ளே பார்த்தான். மருந்துக்கடைக்கு வருகிற டிரக் இன்ஸ்பெக்டர்கூட அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. ஓரத்தைக் கடித்தான். மென்றான். விழுங்கினான்.

மாரியப்பன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பேச்சியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் கொட்டியது. எனக்கும் அழுகை வந்தது. சந்தோஷமும் வெட்கமும் சேர்ந்த அழுகை. "கண்ணா, தப்பு என் மேலதான்டா ராசா" என்றேன். அவன் என்னைச் சட்டையே செய்யவில்லை. மூன்றாவது இட்லியைப் பிட்டு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலையில் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "தெம்பு வந்த பிறகு வேணும்னா அவனுக்குக் காட்டிக் குடுங்க. ஒத்துக்கலைன்னா விட்டுருங்க, ஒண்ணும் குறைஞ்சு போகாது" என்றார்.

3. பால்கோவா

இப்போது கவுன்டருக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். நம் தொழிலில் மருந்தின் பெயர் தப்பினால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். சீட்டு இருக்கிறது, பில் இருக்கிறது. நாம் கூடச் சேர்த்துச் சொல்கிற யோசனைக்குச் சீட்டும் கிடையாது, பில்லும் கிடையாது. கலந்து கொடுக்கச் சொல்வதற்கு முன்னால், அந்தப் பிள்ளை என்னவெல்லாம் சாப்பிடும் என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஒன்றே ஒன்று என்றால் அதைத் தொடாதீர்கள். நான் 'தெரியாம' என்ற சொல்லையே விட்டுவிட்டேன். "சொல்லிட்டுக் குடுங்க" என்பேன். ஆன்டிபயாடிக் என்றால் சொல்லிவிட்டு, கெஞ்சி, மன்றாடி, எப்படியாவது கொடுத்துத்தான் தீர வேண்டும். சத்து மாத்திரைக்கு அந்தப் பாடு தேவையில்லை.

இதை நான் முழுசாகக் கற்றுக்கொண்டது அந்த இட்லி நாளில் அல்ல, அடுத்த மாதத்தில்.

ஒரு நாள் சாயங்காலம் கடையில் நல்ல கூட்டம். பேச்சியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கையில் பால்கோவா பொட்டலம். முதலாளிக்கு, எனக்கு, மருந்து வாங்க நின்றவர்களுக்கு என்று எல்லோர் கையிலும் ஒரு துண்டு வைத்தாள். பையன் 'அம்மா' என்று கூப்பிட்டுவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"என்னம்மா விசேஷம்?" என்றார் முதலாளி.

"எம்புள்ள உங்க மருந்த வேண்டாம்னுட்டான் மொதலாளி!"

கடையே அவளைப் பார்த்தது. முதலாளி வாயருகே கொண்டுபோன பால்கோவாவோடு அப்படியே நின்றார்.

"தட்டுக்குப் பக்கத்துல ஸ்பூன்ல வச்சு, கண்ணா, இது மீன் எண்ணெய், வேணும்னா குடின்னு மூணு நாளாச் சொன்னேன். பாக்கவே இல்ல. நேத்து எந்திரிச்சு வந்து அந்தக் கேப்சூல் டப்பாவ எடுத்தான். எங்கைய இழுத்துக்கிட்டு வாசலுக்குப் போனான். டப்பாவத் தெருப்படியில வச்சான். என்னைய உள்ள இழுத்தான், கதவச் சாத்தி நாதாங்கி போட்டான். பொறவு எம்மூஞ்சியப் பாத்தான்க்கா. நேராப் பாத்தான்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஆறு வருசமா அவனுக்கு என்ன வேணும், என்ன வேண்டாம்னு நாந்தான் குத்துமதிப்பா நெனைச்சு நெனைச்சுச் செஞ்சேன். நேத்துத்தான் அவன் எங்கிட்டச் சொன்னான்."

முதலாளி பால்கோவாவை வாயில் போட்டுக்கொண்டு இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினார். "கடை வச்ச நாள்ல இருந்து, மருந்து வேண்டாம்னதுக்கு இனிப்புக் குடுத்த ஒரே ஆளு நீதாம்மா."

"வேண்டாம்னு சொல்லத் தெரிஞ்சிருச்சுல்லா மொதலாளி" என்றாள் பேச்சியம்மாள். "வேணும்ங்கதையும் அவனே சொல்லுவான்."