அக்கா கேட்ட ஒரு சுற்று

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் வணக்கம். அக்கா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு ஆகிறது. நாலு வரி எழுதித் தரும்படி அக்காவின் கணவர், எங்கள் மாமா, கேட்டார். ஆறுதலாக எழுத எனக்கு வராது. நடந்ததை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது சந்தவாசலில், நான் பிறந்தது ஆரணியில். அம்மா இறந்தபோது அக்கா எட்டாம் வகுப்பு, நான் மூன்றாம் வகுப்பு. மறுவாரமே அக்கா பள்ளிக்கூடத்தை விட்டு நின்றார். தறியில் புதுப் பாவு ஏற்றும்போது பழைய இழையோடு புது இழையை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். அந்த வேலைக்கு வீடு வீடாகப் போனார். சாம்பலைத் தொட்டு முறுக்கி முறுக்கி விரல் நுனி வழுவழுவென்று ஆகிவிட்டது. ரேஷன் கடை மெஷினில் ரேகை விழாது. “எனக்குத்தான் ரேகையே இல்லியே, எமன் இன்னாத்த பாத்து இட்டுகினு போவான்?” என்று சிரிப்பார்.

வேலை முடிந்து வந்து என் பாடப் புத்தகங்களை எடுத்துப் படிப்பார். நான் பரீட்சை எழுதிவிட்டு மறந்ததெல்லாம் அவருக்கு நினைவிருந்தது. அவர் உழைப்பில் நான் இன்ஜினியர் ஆனேன், சென்னைக்குப் போனேன். கூடவே திமிரும் வந்து சேர்ந்தது.

என் மகளின் காதுகுத்து ஆரணியில் நடந்தது. பொழுது சாய்ந்து, பந்தி முடிந்து, பந்தலுக்கு வெளியே எல்லோரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். நிலா ஏறியிருந்தது.

“நிலாவுல எப்பவும் ஒரே படம்தான் தெரியுது, ஏன் அத்தை?” என்று மகள் கேட்டாள்.

“அது நம்மள ஒருவாட்டி சுத்தி வர்றதுக்குள்ள தன்னையும் ஒருவாட்டி சுத்திக்கிது கண்ணு. ரெண்டுத்துக்கும் ஒரே நாள் கணக்கு. அதான் ஒரே பக்கத்த காட்டிகினே போவுது” என்றார் அக்கா.

நான் சும்மா இருந்திருக்கலாம். “தன்னையே சுத்திக்கினா பின்பக்கம் தெரிஞ்சிருக்கணும்லக்கா? சுத்தாததாலதான் ஒரே மூஞ்சி. தெரியாத விஷயத்துல எதுக்குத் தலைய வுடற?” என்றேன். சொந்தக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

அக்கா எழுந்து நடுவில் வந்து நின்றார். “இன்ஜினியர் சார், இங்க வா. என் மூஞ்சியையே பாத்துகினு என்னிய ஒரு சுத்து சுத்தி வா. ஒரே ஒரு சுத்து. நீ ஒரே திக்க பாத்துகினு இருந்தியா, நாலு திக்கும் திரும்பினியானு நீயே சொல்லு.”

“போக்கா, பேஜார் பண்ணாத.”

அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு, “சரி வுடு. என்னிக்காவது சுத்திப் பாரு” என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் ஒழிக்கப் போய்விட்டார்.

சில ஆண்டுகள் கழித்து மகளின் அறிவியல் புத்தகத்தில் அதே பாடம் வந்தது. அக்கா சொன்னதுதான் சரி. நிலா தன்னைச் சுற்றாமல் இருந்தால்தான் அதன் எல்லாப் பக்கமும் நமக்குத் தெரியுமாம். நான் தலைகீழாகப் பேசியிருக்கிறேன். “அத்தை அப்பவே சொன்னாங்கல்லப்பா” என்றாள் மகள். போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். வறட்டு கௌரவம், வேறென்ன?

பௌர்ணமி வந்தால் அக்காவே கூப்பிடுவார். “இன்னா தம்பி, சுத்திப் பாத்தியா?” நேரமில்லை என்பேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், “நல்லா கீறேன்டா, எனக்கு இன்னா?” என்பார். ஒவ்வொரு முறையும் அதே பதில்.

மார்பில் கட்டி. இரண்டு வருஷம் மாமாவிடம்கூட அக்கா சொல்லவில்லை. நிலா லேசாகத் தலையசைக்குமாம், அப்போது ஓரத்தில் கொஞ்சம் கூடுதலாகத் தெரியுமாம். அதுவும் அந்தப் பாடத்தில் இருந்தது. அக்காவும் ஒரு தீபாவளிக்கு ஓரம் காட்டினார். வலக்கையைத் தூக்க முடியாமல் இடக்கையால் குழம்பு ஊற்றினார். என்ன என்று கேட்டேன். “பாவு வேல, தோள் புடிச்சிகிச்சி. ஜல்தியா சாப்டு, ஆறிப் போவுது” என்றார். நானும் சாப்பிட்டேன்.

அடுத்து வந்த பொங்கலுக்குள் ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். நான் வந்து சேர்ந்தபோது அக்காவுக்கு நினைவில்லை. காதோரம் குனிந்து, நீ சொன்னதுதான் சரி என்று சொன்னேன் என எழுத ஆசையாக இருக்கிறது. சொல்லவில்லை. சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள், வெட்கமாக இருந்தது. அப்போதும்!

அக்கா நிலாவாக இருந்து நம்மைப் பார்க்கிறார் என்று சிலர் என்னிடம் சொல்கிறீர்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள். நிலா கல். அக்கா இல்லை.

கடைசி நாட்களில் அக்காவைத் தூக்கி உட்காரவைத்துத் துடைத்த பக்கத்து வீட்டுப் பெண்களுக்கும், சாவு வேலைகளை எடுத்துச் செய்தவர்களுக்கும், கஞ்சி காய்ச்சி வந்தவர்களுக்கும் எங்கள் நன்றி. பிறந்த வீட்டுக் கோடி போட மிச்சம் இருந்தவன் நான் ஒருவன்தான். கோடிப் புடவையோடு விழித்துக்கொண்டு நின்ற என்னிடம், “மூஞ்சியப் பாத்துகினே மூணு சுத்து சுத்திட்டு போடுப்பா” என்று முறை சொல்லித் தந்த பெரியவருக்கும் நன்றி.

சுற்றினேன். அக்காவின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முதலில் எனக்கு எதிரே தெருக்கதவு இருந்தது. பிறகு ஜன்னல் வந்தது, பிறகு சமையலறை, பிறகு சாமி படம், மறுபடியும் தெருக்கதவு. நாலு திக்கும் திரும்பியிருந்தேன். அப்படியே நின்றுவிட்டேன்.

“சுத்துதுக்கா” என்றேன். வாய்விட்டுத்தான் சொன்னேன்.

“தம்பிக்குத் தல சுத்துதாம், புடிங்க” என்று யாரோ கத்தினார்கள். ஒருவர் என்னைத் தாங்கி உட்காரவைத்தார், ஒருவர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அவர்கள் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் என் நன்றி.