புதுப் பதிப்புக்கு ஆள் தேவை

பகடை உருட்டி, ஆளுக்கொரு வீரனாய்க் கதைக்குள் போகும் ரோல்பிளேயிங் ஆட்டத்தின் புதுப் பதிப்பை இன்று நடத்தினேன். பழையதைவிட விதிகள் சுலபம். ஆள் சேர்ப்பதுதான் கஷ்டம்.

நால்வரை அழைத்திருந்தேன். திருப்பதிவாசிக்கு ஏது ஞாயிற்றுக்கிழமை? மூவர் வீட்டில் தரிசனத்துக்கு வந்த சொந்தக்காரர்கள்.

வந்தது பக்கத்துத் தெரு முரளி மட்டும். அவனுடைய வீரன் குகை வாசலில் நின்றபோது முரளிக்குப் போன் வந்தது. பேசி முடித்ததும் செருப்பை மாட்டினான்.

"அண்ணா, மச்சான் குடும்பம் மலையிலேர்ந்து எறங்கிக்கினு கீதாம். என் ஆளை நீயே பாத்துக்க!"

பார்த்துக்கொண்டேன். குகையிலிருந்த பூதமாய் நானே அடித்தேன், முரளியின் வீரன் விழுந்தான்.

விழுந்தவனைத் தோழன் ஒருவன் கைகொடுத்து எழுப்பலாம் என்கிறது புது விதி. மேசையைச் சுற்றிப் பார்த்தேன். நான்கு காலி நாற்காலிகள். தோழனும் நானே ஆனேன்.

அடுத்த ஞாயிறு யார் சும்மா இருக்கிறீர்கள்? விளையாடத் தெரிய வேண்டாம். வந்து உட்கார்ந்தால் போதும்.