துவைக்காத இரண்டு துணிகள்

அக்கா என்னோடு இருக்க வந்த அன்று நாகர்கோவில் காரிலிருந்து பதினொரு சாமான்கள் இறங்கின. பதினொன்றாவது ஒரு காய்கறிக் கூடை. மூடியைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தாள். உள்ளே அவளுடைய வெள்ளைக் கடுவன் பூனை.

கரமனையில் எங்கள் அக்ரகாரத்து வீடு ரயில் வண்டி மாதிரி. முன்னறை, கூடம், அடுக்களை, கொல்லை என்று ஒன்றன் பின் ஒன்றாக நீண்டுகொண்டே போகும். ஒரு பூனை இன்னொன்றின் கண்ணில் படாமல் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வர முடியாது. கூடத்தில் ஏற்கெனவே என் சாம்பல் வரிப் பெட்டைப் பூனை இருந்தது. மனைவி காலமான வருஷம் தானாக வந்து ஒட்டிக்கொண்டது அது. கூடையைத் திறந்தோம். அடுத்த நிமிஷம் என் முழங்கையில் நாலு கீறல், தரையில் உடைந்த இரண்டு டம்ளர், அலமாரியின் மேல் ஒரு பூனை, அடியில் ஒரு பூனை.

முதல் வாரத்தில் ஒன்பது சண்டை. நான் எண்ணாமல் இருக்கிற ஆள் இல்லை. எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரே சுவர். அடுத்த வீட்டுக்காரர், என்னைப் போல ஓய்வு பெற்றவர், வாசலில் நின்று கேட்டார்.

"ஓய், உங்காத்துல தினமும் ஆலாபனை அமர்க்களப்படறதே! தனியாவர்த்தனம் எப்போ?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தின நாள்தான் அக்கா சொல்லியிருந்தாள்: "வந்தவ நான். என் பூனையால உன் பூனை ஆத்தை விட்டு ஓடினா அது நியாயமில்லடா. சித்திரை விஷு வரைக்கும் பார்ப்போம். சரிப்படலேன்னா பொண்ணு வந்து பெங்களூருக்கு அழைச்சிண்டு போறேன்னுட்டா."

மகளின் ஃபிளாட்டில் பூனைக்கு அனுமதி இல்லை. அதாவது, அக்கா ஓர் ஊருக்கு, வெள்ளைப் பூனை வேறு யார் வீட்டுக்கோ. நான் பழையபடி ஒற்றைத் தட்டோடு. மூன்று வருஷம் தனியாகச் சாப்பிட்டவன் நான். காலையில் வைத்த ரசத்தையே ராத்திரியும் ஊற்றிக்கொண்டு, நன்றாக இருக்கிறதா இல்லையா என்று சொல்லக்கூட ஆளில்லாமல்.

மறுநாளே கால்நடை டாக்டரிடம் ஓடினேன். சின்ன வயதுப் பெண். மலையாளம் கலந்த தமிழில் பொறுமையாகச் சொன்னாள்.

"ரெண்டையும் வேற வேற முறியில வைங்க, சார். நடுவுல கதவு அடைச்சிருக்கட்டும். இது படுத்த துணியை அதுக்குக் கொடுங்க, அது படுத்ததை இதுக்கு. மணம் பழகினா மதி, அது போதும். அவசரம் வேண்டா, கேட்டோ?"

என் பழைய வேஷ்டி ஒன்றை இரண்டாகக் கிழித்தேன். என் பூனைக்குக் கூடம், அக்காவின் பூனைக்கு முன்னறை. துணி மாற்றும் பொறுப்பை அக்கா ஏற்றாள். வாரங்கள் போயின. கதவைச் சாண் அகலம் திறந்தாலே இரு பக்கமும் சீறல். டாக்டர் போனில் கேட்டாள், துணி மாற்றுகிறீர்களா என்று. தவறாமல் மாற்றுகிறோம் என்றேன். அவளுக்கே குழப்பம். எனக்கோ தூக்கம் போயிற்று. விஷு நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போது தெருமுனையில் தண்ணீர்க் குழாய் உடைந்தது. எங்கள் கிணறு தூர்ந்து வெகுகாலம் ஆகிறது. லாரியில் வந்த தண்ணீர் சமையலுக்கும் குளியலுக்கும்தான் போதுமாயிருந்தது. நாலு நாள் வீடு துடைக்கவில்லை, துணி தோய்க்கவில்லை. அக்கா நெருப்பின் மேல் நிற்பவளைப் போல் இருந்தாள். மூன்றாம் நாள் கதவிடுக்கின் கீழே வெள்ளைப் பாதம் ஒன்று நீண்டது. என் பூனை அதை முகர்ந்தது. சீறவில்லை. நாலாம் நாளும் சீறவில்லை.

ஐந்தாம் நாள் காலை குழாயில் தண்ணீர் வந்தது. அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பினாயில் ஊற்றி வாசலிலிருந்து கொல்லை வரை தேய்த்துக் கழுவினாள். மத்தியானம் கதவருகே மறுபடி சீறல், முதல் நாளைப் போலவே. மனசு நொந்துபோய்க் கொல்லைக்குப் போனேன். கொடியில் என் அரை வேஷ்டிகள் இரண்டும் சொட்டிக்கொண்டிருந்தன.

"அக்கா, இதை எப்போ தோய்ப்பே?"

"தினமும்தான். ஏன்?"

"பூனைக்கு மாத்தறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"முன்னாடிதான். ஒண்ணு படுத்த அழுக்குத் துணிய இன்னொண்ணுக்கு அப்படியே போடுவாளா யாராவது? சோப்புப் போட்டு, ரெண்டு தரம் அலசி, வெயில்ல காயவெச்சுன்னா குடுக்கறேன்!"

துவைக்கிற கல்லின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வாரமும் ஒரு சோப்பு வாசனையை இன்னொரு சோப்பு வாசனைக்கு அறிமுகம் செய்துகொண்டிருந்திருக்கிறோம். போதாததற்கு, இரண்டும் வீட்டில் தேய்த்துவைத்த வாசனையையெல்லாம் தினமும் பினாயில் போட்டு அழித்திருக்கிறோம். விஷயத்தைச் சொன்னேன். அக்கா நம்பவில்லை.

"இந்த நாலு நாள் எத்தனை சீறல்? கடைசி ரெண்டு நாள் ஒண்ணுகூட இல்லை. இன்னிக்கு மட்டும் ஏழு."

"அதுக்காகத் துடைக்காம இருக்கச் சொல்றயா? பூனைக்குத் தீட்டு கிடையாது, சரி. தரைக்கு உண்டுடா."

பேரம் பேசினோம். அடுக்களையும் சுவாமி அலமாரிப் பக்கமும் அவள் இஷ்டப்படி. முன்னறைக்கும் கூடத்துக்கும் துடைப்பம் மட்டும். அந்தத் துணிகள் சோப்பைப் பார்க்கவே கூடாது. எழுபது வருஷப் பழக்கத்தை விடுவது லேசில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு, அந்தத் துணிகளை இரண்டு விரலால் நுனி பிடித்து எடுத்துப் போவாள். ஆனால் ஒரு நாளும் தவறவில்லை. அவளுக்கும் போக மனசில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பத்து நாளில் கதவைச் சாண் அகலம் திறந்தோம். பிறகு பாதி. ஒரு காலை முழுவதுமாகத் திறந்துவிட்டுக் கூடத்தின் இரு மூலையிலும் தயிர்சாதம் வைத்தோம். நான் ஒரு தலையணையைக் கேடயம் போல் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றேன். அடி விழுந்தால் எனக்கு விழட்டும் என்று.

வெள்ளைப் பூனை தன் சாதத்தை முடித்தது. நிதானமாக என்னைச் சுற்றிக்கொண்டு எதிர் மூலைக்குப் போனது. என் பூனை தலையைத் தூக்கியது. அது அந்த வெள்ளைக் காதை ஒரு தரம் நக்கிற்று. பிறகு தன் சாதத்துக்குத் திரும்பிவிட்டது.

"பாருடா! பாருடா!" அக்கா கரண்டியோடு ஓடிவந்தாள். நான் தலையணையை மேலே தூக்கி எறிந்தேன், இந்த வயதில்.

விஷுவுக்கு ஒரு வாரம் இருக்கையில் மகள் போன் செய்தாள், டிக்கெட் எடுத்தாயிற்று என்று. அக்கா ஸ்பீக்கரைப் போட்டுப் போனை என் பக்கம் தள்ளினாள். "மாமாகிட்டயே கேளு. அவன்தான் எண்ணிண்டிருக்கான்."

"மாமா, கதவைத் திறந்து விட்டதுலேர்ந்து எத்தனை சண்டை?"

"பூஜ்யம்" என்றேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

அக்கா போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "கேட்டியோல்லியோ? விஷுவுக்கு வா, ரெண்டு நாள் இருந்து சாப்பிட்டுட்டுப் போ. திரும்பிப் போற டிக்கெட் உனக்கு மட்டும் போதும்."