பாதி டேங்குக்குக் கீழே

பெரியப்பாவின் லாரி மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு கோவில்பட்டியிலிருந்து தூத்துக்குடி போகும். போகும்போது சத்தமே இருக்காது. திரும்பும்போது எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம் மிஸ் அடிக்க ஆரம்பிக்கும். குலுங்கும், வெள்ளைப் புகை விடும், சில நாள் நின்றே போகும். டிரைவர் இறங்கிக் கைப்பம்பை அடித்துக் கிளப்பிக்கொண்டு வருவார். வந்து சொன்னால் பெரியப்பா ஏறி ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார். அவருக்கு மட்டும் என்ஜின் ஒரு தும்மல்கூடப் போடாது.

"எனக்கு ஓடுது, ஒனக்கு ஓடலையாக்கும்? டீசலை வித்துட்டு மண்ணெண்ணெயை ஊத்துதே. அதாம்லே திக்குது."

பெரியப்பாவின் சந்தேகம் பழையது. குழாய் விட்டு டீசல் உறிஞ்சிவிடாதபடி டேங்க் வாய்க்குள் நீளமாக ஒரு கம்பிவலையை அடித்து இறக்கியிருந்தார். ஊருக்குள் நுழையுமுன் பங்கில் டேங்கை வாய்வரை நிரப்பிவிட்டுத்தான் ஷெட்டுக்கு வரவேண்டும் என்பது சட்டம். எவ்வளவு பிடித்ததோ அதுதான் செலவு. மிஸ் அடிக்கிற வண்டி டீசலைக் கூடுதலாகத்தான் குடிக்கும். அதுவும் திருட்டுக் கணக்கில் சேர்ந்தது.

அன்று காலையில் ஷெட்டில் மற்ற டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டிருக்க, முன்டயருக்குப் பக்கத்தில் தரையில் சூடத்தைக் கொளுத்தினார் பெரியப்பா.

"அடிச்சு அணைச்சு சத்தியம் பண்ணு. இல்லன்னா ஊருல போயி ஆடு பத்து."

டிரைவர் எட்டயபுரம் பக்கம், ஆடு மேய்க்கும் வீட்டுக்காரர். அவருடைய மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள்.

"அண்ணாச்சி, பாத்து அடிங்க. மண்ணெண்ணெக் கையின்னா குப்புனு புடிச்சிக்கிடும்" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஒரு சொட்டு எடுத்திருந்தா எம் புள்ள வெளங்காம போவட்டும்" என்று சொல்லி, டிரைவர் சூடத்தை உள்ளங்கையால் ஓங்கி அடித்து அணைத்தார்.

ஆட்டோமொபைல் டிப்ளமா முடித்துவிட்டு வீட்டில் கால் தரிக்காமல் இருந்த எனக்கு, ஏன் திரும்பும்போது மட்டும் என்ற கேள்விதான் மண்டையைக் குடைந்தது. நாசில் மாற்றியாயிற்று, பம்பையும் பிரித்துப் பார்த்தாயிற்று. நானே கெஞ்சி அன்றைய லோடுக்குக் கூடவே ஏறினேன். கிளம்புமுன் ஃபில்டருக்கு முன்னால் டீசல் ஓஸில் ஒரு துண்டை எடுத்துவிட்டுக் கண்ணாடி மாதிரி டியூப் சொருகினேன். போகும் வழியெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். டீசல் தெளிவாக ஓடியது. திரும்பும்போது வண்டி திக்கியதும் குதித்து ஓடிப் பார்த்தேன். டியூபுக்குள் சரம் சரமாகக் குமிழி.

"அண்ணாச்சி, ஏர் எடுக்குது!" என்று கத்தினேன்.

டேங்கைத் தட்டினேன். டீசல் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. உள்ளிருந்து டீசல் உறிஞ்சும் பைப்பைக் கழற்றி உருவினோம். நடுவில் ஒரு ஓட்டை. பெரியப்பாவின் வலை ஆடி ஆடி உரசித் தேய்த்த இடம். டீசல் ஓட்டைக்கு மேலே நிற்கும்வரை ஒன்றுமில்லை, கீழே இறங்கினால் காற்று. நிரப்பிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தால் நோயே தெரியாது. எனக்குக் குதிக்கவேண்டும் போலிருந்தது. டிரைவர் ரோட்டோரம் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஓட்டையில் ரப்பரைச் சுற்றிக் கட்டிக்கொண்டு சாயங்காலம் ஷெட்டுக்கு வந்தோம். மற்ற டிரைவர்களும் அங்கே நின்றிருந்தார்கள். பைப்பை உருவிப் பெரியப்பாவிடம் நீட்டினேன். "ஒங்க வலைதான் பெரியப்பா."

அவர் பைப்பைத் தொடவில்லை. முகம் வெளுத்துவிட்டது. பொய்ச் சத்தியம் பண்ணினவன் பிள்ளையைப் பிடிக்கும், குற்றமில்லாதவனைச் சத்தியம் பண்ண வைத்தால் அது வைத்தவன் வீட்டைப் பிடிக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பெரியப்பா மகனுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தது.

"ஒரு லிட்டராச்சும் எடுத்திருப்பெல்லா?" என்று டிரைவரிடம் கேட்டார். "எடுத்தேன்னு சொல்லிட்டுச் சாவிய எடுத்துக்கோ. நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்."

"மொதலாளி, புள்ளத்தாச்சி வீட்டுல கெடக்கா..."

"என் வீட்டுலயுந்தாம்லே கல்யாணம் கெடக்கு. சொல்லுதியா, சாவிய வைக்கியா? நான் கள்ளன்னு வெரட்டுனவனுக்கு இந்த ஊருல எவன் வண்டி குடுப்பான்?"

"பெரியப்பா, மொதல்ல இந்த ஓட்டையப் பாருங்க..."

"ஏட்டி, வாய மூடு. வண்டியத்தான பாக்கச் சொன்னேன்."

டிரைவர் தரையைப் பார்த்தபடி, "எடுத்தேன்" என்றார்.

"அவியளுக்குக் கேக்கணும்."

"எடுத்தேன் மொதலாளி. ஒரு லிட்டரு."

"கேட்டியளா? நான் சும்மாவா சொன்னேன்?" என்று பெரியப்பா எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். காலையில் கேலி பேசியவனே இப்போதும் முதலில் சிரித்தான்.

புது பைப்பை நான் முடுக்கும்போது டிரைவர் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார். "நீ கண்டுபுடிக்காம இருந்திருந்தா வசவோட போயிருக்கும், தாயி" என்றார் மெதுவாக. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

கேபினில் ஏறிக் கிளப்பினார். என்ஜின் பிசிறில்லாமல் ஓடியது. அவர் வீட்டுக்குப் போன் போட்டு, "புள்ள எப்படியிருக்கா?" என்று கேட்டார். பதில் காதில் விழவில்லை போல. என்ஜினை அணைத்துவிட்டு மறுபடியும் கேட்டார்.