சீட்டுக்கு அடியில் ஒரு எலுமிச்சம்பழம்

விமானத்தில் ஸ்பின் பயிற்சிக்குக் கிளம்பிய காலையில் அம்மா கோயில் எலுமிச்சம்பழம் ஒன்றைக் கையில் திணித்தார். எங்கள் வீட்டில் புதுக் கார், மோட்டார் சைக்கிள் எது வந்தாலும் டயருக்கு அடியில் பழம் வைத்து நசுக்காமல் ஓட்டமாட்டோம்.

“பிளேன் டயருக்கு வெச்சா என்னைப் பிடிச்சு உள்ள போட்டுடுவான்மா.”

“அப்ப சீட்டுக்கு அடியில வைடா. யார் பார்க்கப் போறா?”

சுங்கை பினாங்கிலிருந்து விமான நிலையம் வரை சிரித்துக்கொண்டேதான் போனேன். போனதும் முதல் வேலையாக வைத்தும்விட்டேன். இரண்டு பேர் மட்டும் உட்காரும் சின்ன விமானம் அது. வேண்டுமென்றே சுழன்று விழவிட்டு, அதிலிருந்து மீள்வதுதான் அன்றைய பாடம். துணைக்கு ஏதாவது இருக்கட்டுமே.

பயிற்சி கொடுத்த அக்கா பக்கத்து ஊரான கெலுகோர்க்காரர், என்னைவிட நாலு வயதுதான் மூத்தவர். ஏறுமுன் காலி பிஸ்கட் டின்னை நீட்டினார்.

“பேனா, போன், சில்லறை எல்லாத்தையும் போடு தம்பி. சுத்தும்போது எது லூசா கிடந்தாலும் பெடலுக்குப் பின்னால போய் உட்கார்ந்துக்கும். வேற ஏதாச்சும் இருக்கா?”

“இல்லக்கா.”

கையேட்டில் அந்த வரிக்கு மஞ்சள் மை பூசி வைத்திருந்தவன் நான். ஆனால் எஞ்சினியரிங் படித்தவன் சாமிப் பழம் வைத்தான் என்று தெரிந்தால் மாதக்கணக்கில் ஓட்டுவாரே. அந்த வெட்கம்தான்.

இடது பக்கமாகச் சுழன்றோம். கண்ணாடி முழுக்கக் கெடா மாநில நெல் வயல்கள் பச்சைத் தட்டுபோலச் சுற்றின. சுழற்சி நிற்க வலது பெடலைக் கடைசிவரை மிதிக்க வேண்டும். மிதித்தேன். பாதியில் நின்றுவிட்டது.

“நல்லா மிதிடா!”

“போகலக்கா!”

“விடு, நான் பார்க்கிறேன்.”

அவர் பக்கத்துப் பெடலும் என்னுடையதோடு இணைந்ததுதான். உதைத்தார். மறுபடி உதைத்தார். ஏதோ பிதுங்கியது, பெடல் இறங்கியது. விமானம் நிமிர்ந்தபோது, மீண்டுவிட வேண்டும் என்று பேசிவைத்திருந்த உயரத்துக்கு வெகு கீழே இருந்தோம்.

“என்னடா வாசனை?”

“வெட் டிஷ்யூக்கா. லெமன்.”

இறங்கியதும் அக்கா ஆபீசுக்கு ஓடினார். நான் நசுங்கிய பழத்தைப் பையில் போட்டு, குங்குமம் கலந்த சாற்றை அதே டிஷ்யூவால் துடைத்தேன்.

பெடல் சிக்கியது என்று அவர் ரிப்போர்ட் எழுதினார். மெக்கானிக் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தார், ஒன்றுமில்லை. “பயந்துட்டா லா, கால் வரல” என்று கேன்டீனில் சிரித்தார்கள். நான் தே தாரே டீயைக் கலக்கிக்கொண்டு கேட்டபடி உட்கார்ந்திருந்தேன். ஸ்பின் பாடத்தை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். இரண்டு மாதத்தில் வேலையையே விட்டார்.

ஒரு வருஷம் கழித்து, அவர் வீட்டுக்குக் கீழே இருக்கும் சாப்பாட்டுக் கடையில் சொன்னேன். நிறையப் பேசத் தயாராகப் போயிருந்தேன். மூன்று வாக்கியத்தில் முடிந்துவிட்டது. நிர்வாகத்துக்கு உண்மையை எழுதிய கடிதத்தையும் மேசையில் வைத்தேன்.

அக்கா அதைத் தொடவில்லை. மேசைக்கு அடியில் வலது காலை மெல்ல நீட்டி மடக்கினார்.

“அவங்க நம்பாததுகூடப் பரவாயில்ல தம்பி. நானே நம்பிட்டேன் லா, என் கால்தான் வரலைன்னு.”

“திரும்பப் பறக்க வாங்கக்கா.”

“லைசென்ஸ் போன மாசம்தான் முடிஞ்சுது,” என்றார். “புதுப்பிக்கல.”