சொல்லாமல் போகிறவர்கள்

இந்த வளைகுடா நகரத்து மருத்துவமனையில் யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. நர்ஸ் வருகிறாள், இந்த ஊர்க்காரி, கண்ணைத் தவிர எல்லாம் மூடியிருக்கிறது. மாத்திரையைக் கொடுத்து, ‘கலாஸ்’, முடிந்தது என்கிறாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் கதவைச் சாத்துகிறாள். காசநோய்க்கான தனியறை இது. இரண்டு கட்டில்கள். ஒன்றில் நான், மற்றதில் கடலாடிக்காரன் முனியசாமி, கட்டட வேலைக்கு வந்தவன்.

நான்காம் நாள் காலையில், அவள் போனதும் முனியசாமி கன்னத்தில் ஒதுக்கியிருந்த மாத்திரையைத் துப்பினான். ஏனென்று கேட்டேன்.

“ஒண்ணுக்கு செவப்பாப் போகுதுண்ணே. இது மருந்தா? அதக்கூட விடுங்க. டாக்டர்லருந்து கூட்டுறவன் வரைக்கும் ஒருத்தராச்சும் சொல்லிட்டுப் போறாகளா? துஷ்டி வீட்டுலருந்து எந்திரிச்சுப் போற மாதிரில்ல போறாக. நம்மள முடிச்சுட்டாக.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ராமநாதபுரத்தில் நிருபராக இருந்த நாட்களில் சாவு வீடு எதுவென்று யாரிடமும் விசாரித்ததில்லை. தெருமுனையில் நின்று பார்ப்பேன். ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லாமல் எந்த வாசலிலிருந்து வெளியேறுகிறார்களோ அதுதான் வீடு. சொன்னால் சாவு திரும்ப வரும் என்பது நம்மவர் வழக்கம். ஆனால் எங்கள் அய்யா பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது, பார்க்க வந்த ஒருவர்கூட “காலம்பற வாரேன்” என்று சொல்லாமல் கட்டிலை விட்டு நகரவில்லை. நானும் நான்கு நாட்களாக அந்தக் கண்ணால்தான் இந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘குட், குட்’ என்ற டாக்டரின் ஒரு சொல்லையும் நம்பவில்லை. ஆனால் மாத்திரை இல்லாமல் முனியசாமி பிழைக்கமாட்டான் என்பது எனக்குத் தெரியும்.

மாலையில், பாதி ஆங்கிலம் பாதி அரபியில் நர்ஸிடம் விளக்கினேன். போகும்போது, போய் வருகிறேன் என்று சொல்ல வேண்டும்.

“எங்கே போக வேண்டும்? நீங்கள் வெளியே போகக் கூடாது” என்றாள் கண்டிப்பாக.

மூன்றாம் முறைதான் அவளுக்குப் புரிந்தது. சிறுநீர் நிறம் மாறுவது அந்த மருந்தால்தான் என்றும் சொன்னாள். முனியசாமியிடம் சொன்னேன், நம்பவில்லை.

மறுநாள் மாத்திரையைக் கொடுத்தவள், கதவருகே நின்று, “போயித்து வாரன்” என்றாள்.

கதவு சாத்தியதும் முனியசாமி என்னை முறைத்தான். “நீங்க சொல்லிக் குடுத்ததுதான?”

“ஆமா.”

“பொய்யிதான். ஆனா சாகப்போறவனுக்கு எவ இம்புட்டு மெனக்கெடுவா?” என்று வாயைத் திறந்து காட்டினான். கன்னத்தில் மாத்திரை இல்லை.

சில வாரங்களில் எனக்கு முதலில் விடுதலை. ஊரில் ஓய்வெடுத்து வேலைக்குத் திரும்பும்படி கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். வாசலில் நின்றேன். குணமாகிப் போகிறவன் ஆஸ்பத்திரியில் ‘வாரேன்’ என்று சொல்லக் கூடாது. நோயும் கூடவே வரும். சொல்லாமல் போனால் முனியசாமி என்ன நினைப்பான் என்பதும் தெரியும். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“போயிட்டு வாரேன்.”

“இங்கன நின்னு அப்படிச் சொல்றீகளேண்ணே, கூறு இருக்கா?” சிரித்தான். பிறகு, “ஊருக்குப் போனா எங்க வரப்போறீக” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கதவு சாத்திக்கொண்டது. பாம்பனில் என் வீட்டு வாசலிலும் இதையேதான் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு வாசலிலும் வருவதாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.