அடேரோவுக்காக ஒரு சத்தமில்லாத கிட்டார்

அபூட்டோவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று டுங்கா ஏரிக்கரை முழுவதும் பேச்சு. பின்னே என்ன? பெங்கா இசைக் குழுவில் கிட்டார் வாசிக்கிறவன் சத்தமாக ஒலிக்கிற கிட்டாரைத் தேடினால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. இவனோ சத்தம் போடாத கிட்டாருக்காகக் கிசுமு நகரத்தில் கடை கடையாக ஏறி இறங்கினான். பகலில் மீன் வைக்கும் குளிர்பெட்டிகளைப் பழுது பார்ப்பது அவன் பிழைப்பு. மீன் கெட்டாலும் பரவாயில்லை, கிட்டார் கெடக்கூடாது என்று அலைந்தான்.

மூளைக்கோளாறெல்லாம் ஒன்றுமில்லை. அவனுக்கு ஓர் அக்கா இருந்தாள், அவ்வளவுதான்.

அடேரோ கருவாட்டு வியாபாரி. கரையில் அவளைப் போல் பக்ருவோக் சொல்ல ஆள் கிடையாது. பாட்டு உச்சத்தில் இருக்கும்போது கையைத் தூக்கி நிறுத்துவாள். குழுவுக்கு ஒரு பண நோட்டை நீட்டிவிட்டு மைக்கை வாங்கி, தன்னைத்தானே வானளாவப் புகழ்ந்துகொள்வாள். கூட்டம் விசிலடிக்கும், பாட்டு மறுபடி தொடரும். அதுதான் பக்ருவோக். பிறகு அவள் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. அறுத்தெடுத்தார்கள். உயிர் மிஞ்சியது, குரல் மட்டும் காற்றோடு போய்விட்டது. பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் கேட்கும்.

போன டிசம்பரில், மீன்காரப் பெண்கள் சங்க விருந்தில், அந்தக் குரலோடும் துணிந்து கை தூக்கினாள். பாட்டு நின்றது. ஆனால் ஜெனரேட்டர் மின்சாரத்தின் உறுமல் அபூட்டோவின் கிட்டாருக்குள் புகுந்து, ஒலிபெருக்கி வழியே ம்ம்ம் என்று வந்துகொண்டே இருந்தது. அக்காவின் சொல் ஒன்றும் கேட்கவில்லை. அவள் குரலுக்கு வழி விடுவதாக நினைத்து, அபூட்டோ சட்டென்று குமிழைத் திருகிக் கிட்டாரை அடைத்தான்.

அங்கேதான் வினை. அந்தக் குழுவில், பேசுகிறவரின் மூச்சுக்கு மூச்சு கிட்டார் ஒரு சொட்டு நாதம் விட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதை அடைத்தால் 'போதும், உட்கார்' என்று பொருள். குடித்துவிட்டு அறுக்கிறவர்களை அப்படித்தான் உட்கார வைப்பார்கள். அடேரோ பாதிச் சொல்லில் நிறுத்தினாள். தம்பியை ஒருமுறை பார்த்தாள். போய் உட்கார்ந்துவிட்டாள்.

"கூடப் பொறந்தவனே என்னை உக்கார வெச்சுட்டான்," என்று பக்கத்துக் கடைக்காரியிடம் சொன்னதாக அவன் காதுக்கு வந்தது. ஓடிப்போய் விளக்கம் சொன்னான். "சரிடா, விடு," என்றாள். அதன் பிறகும் சோறு போட்டாள், சளி பிடித்தால் விசாரித்தாள், விருந்துகளுக்கும் வந்தாள். ஆனால் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள், கை தூக்கவே இல்லை. சண்டை போட்டிருந்தால்கூட அவனுக்குத் தூக்கம் வந்திருக்கும்.

ஆகவே அவனுக்குத் தேவை, விழித்திருந்தும் வாயை மூடிக்கொண்டிருக்கும் ஒரு கிட்டார். பிக்கப்பில்தான் சூட்சுமம் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். நரம்புக்கு அடியில் கிடக்கும் அந்தக் காந்தச் சுருள்தான் நாதத்தோடு உறுமலையும் பிடித்துக்கொள்கிறது. முதலில், ஒன்றின் உறுமலை மற்றொன்று அடக்கும்படி இரண்டு சுருளைப் பக்கம் பக்கமாக வைத்த தடித்த பிக்கப்பை மாட்டினான். உறுமல் போயிற்று. கூடவே நாதத்தின் பல்லும் போயிற்று.

"என்னடா, கிட்டாருக்குப் போர்வை போத்தி விட்டிருக்கே?" என்றான் பாடகன் மேஷாக். "பெங்கான்னா சுள்ளுனு கொத்தணும். இது தூங்குது."

கழற்றிப் போட்டான். நகரத்தில் தேடித் தேடி, ஒரு சுருளின் தலைமேல் இன்னொன்றை அடுக்கிய மெலிந்த பிக்கப்பைக் கண்டுபிடித்தான். கொத்தவும் செய்தது, அடங்கவும் செய்தது. ஆனால் ஆழம் அதிகம், பழைய கிட்டாரின் குழியில் இறங்கவில்லை. எனவே படகு செய்யும் ஓமோலோவிடம், முவூலே மரத்தில் புது உடம்பே செதுக்கச் சொன்னான்.

"நான் ஓட்டையை அடைக்கிறவன்டா. நீ என்னடான்னா ஓட்டையை ஆழமாக்குன்னு நிக்கிறே," என்று புலம்பியபடியே ஓமோலோ குடைந்தான்.

அடுத்து நரம்புகள் மக்கர் செய்தன. நரம்பைத் தாங்கும் பிரிட்ஜ் அகலமானது, பிக்கப் குறுகலானது. ஓரத்து நரம்புகள் காந்தத்துக்கு வெளியே நடந்துபோய் முனகின. குறுகிய பிரிட்ஜுக்கு மறுபடி அலைச்சல். அதுவும் கிடைத்தது. எல்லாவற்றையும் பூட்டி ஒலிபெருக்கியில் சொருகினான்.

ம்ம்ம்.

அபூட்டோ தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். ஆனாலும் குளிர்பெட்டிக்காரன் புத்தி சும்மா இருக்குமா? கம்பி சொருகும் உலோகத்தைத் தொட்டுப் பார்த்தான், உறுமல் அடங்கியது. நரம்பைத் தொட்டான், அடங்கவில்லை. அப்படியென்றால் உறுமலை வடித்துவிடும் எர்த் கம்பி பிரிட்ஜைத் தொடவே இல்லை.

"ஓமோலோ, எங்கெல்லாம் வார்னிஷ் அடிச்சே?"

"தண்ணி நுழையுற இடமெல்லாம்."

"கிட்டாருக்குள்ள எங்கடா தண்ணி நுழையும்?"

"ஏரிக்கரையில எதுக்குள்ளயும் நுழையும். பிரிட்ஜுக்கு அடியில ரெண்டு தடவை அடிச்சேன், எர்த் கம்பிக்கும் சேர்த்து. உன் மேல அவ்வளவு பாசம்!"

பாசத்தைக் கத்தியால் சுரண்டி எடுத்தார்கள். குழிக்குள் செப்புத் தகடு ஒட்டினார்கள். உறுமல் அடங்கியது. இப்படி ஒருவனைக் கிறுக்கன் என்று சொன்ன வாய்களை என்ன சொல்வது!

மறுபடி டிசம்பர், மறுபடி சங்க விருந்து. மத்தியான வெயிலில் தகரப் பந்தல் தகித்தது.

"அக்கா, இன்னிக்குக் கை தூக்கு," என்றான்.

"போடா. உன் மெஷினுக்கு முன்னால நான் எதுக்கு?" என்று கடைசி வரிசைக்குப் போனாள்.

ஒரு பருத்த மீன்காரி பாட்டை நிறுத்தித் தன் இடுப்பைப் பற்றிப் பெருமை பேசினாள். அவள் மூச்சு வாங்கும்போது கிட்டாரிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது, பிறகு அமைதி. ஏரித் தண்ணீர் படகுகளில் மோதுவதுகூடக் கேட்டது. கடைசி வரிசையில் அடேரோ கழுத்தை நீட்டிக் கவனித்தாள். அடுத்த பாட்டின் பாதியில் அவள் கை உயர்ந்தது.

மைக்கை வாங்கினாள். ஜெனரேட்டர் தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது, கிட்டார் வாய் திறக்கவில்லை.

"நான் அடேரோ. சேமே ஊர்ப் பொண்ணு," என்றது அந்தக் காற்றுக் குரல். கிட்டார் ஒரு சொட்டு. "என் கருவாட்டு வாசத்துக்குப் பூனைங்க படகேறி வரும்." இன்னொரு சொட்டு. "கழுத்தைத்தான் அறுத்தாங்க. வாயை அறுக்குற கத்தி இன்னும் கிசுமுக்கு வரல!"

பந்தல் அதிர்ந்தது. விசில், கூச்சல், தரையில் உதைக்கும் கால்கள். ஆரவாரம் ஓய்ந்த பின் கிட்டார்தான் பாட்டை எடுக்க வேண்டும். அது எடுக்கவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அபூட்டோ நரம்பின் மேல் விரலை வைத்தபடி, கண்ணீர் தாடைக்கு இறங்குவதுகூடத் தெரியாமல் நின்றான்.

அடேரோ அவன் பக்கம் சாய்ந்தாள். அவனுக்கு மட்டும் கேட்கட்டும் என்று, கையில் இருக்கும் மைக்கை மறந்து, மெல்ல முணுமுணுத்தாள்.

"மூக்கைத் துடைச்சிட்டு வாசிடா, என் ராசா."

படகுத்துறையில் வலை அலசிக்கொண்டிருந்தவர்கள் வரை எல்லோருக்கும் அது கேட்டது.